எம்.எஸ்சி. உளவியல் முடித்தால் போர்டு மாட்டலாமா? மன்னார்குடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி கேட்ட தம்பிக்கு மன்னார்குடிப் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், எம்.எஸ்சி. உளவியல் சேர ஆசை. மாமா "கரஸ்ல போட்டுட்டு ஒரு வேலைக்குப் போ" என்கிறாராம். அப்பா "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா உன்னைப் படிக்க வச்சேன்" என்கிறாராம். தம்பியின் சொந்தக் கணக்கு, இரண்டு வருடம் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு அறை எடுத்து 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டிவிடலாம் என்பது. மூன்று பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கும்பகோணத்துக்காரன். இதே எம்.எஸ்சி.யை இருபது வருடத்துக்கு முன்னால் படித்தவன், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோருக்கும் ஆலோசகர் வேலை. என் பெயருக்கு முன்னால் 'கிளினிக்கல்' கிடையாது. ஏன் கிடையாது என்பதிலிருந்தே தொடங்கலாம், போர்டு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது சட்டத்தில் இருக்கிற பெயர். இந்திய மறுவாழ்வு கவுன்சில், எல்லாரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, அதன் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று சிரிக்காதீர்கள், ஓராண்டையும் படியுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று விளக்கும்போது ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. வெறும் எம்.எஸ்சி. அதற்குள் வராது. இவ்வளவு காலமும் வழி என்னவென்றால் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல், அதற்கு மேல் மருத்துவமனையிலேயே இருந்து படிக்கிற இரண்டு வருட எம்.ஃபில்., அதன்பிறகு பதிவு. பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் மாதிரி இடங்களில் அந்த எம்.ஃபில். சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு.

இப்போது அந்த வழியே மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் விதிவிலக்கு கொடுத்து 2025-26 சேர்க்கை வரை நீட்டித்தார்கள். அதன் இடத்துக்கு ஆர்.சி.ஐ. ஒரு புது வரிசை கொண்டுவந்திருக்கிறது: நான்காண்டு பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி, இரண்டாண்டு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, அதற்கு மேலே சை.டி. என்கிற முனைவர் நிலைப் பட்டம். ஆக, கிளினிக்கல்தான் வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால், கல்லூரி விளம்பரத்தில் 'கிளினிக்கல்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்று பட்டச் சான்றிதழிலேயே அச்சடித்திருக்கும், ஆர்.சி.ஐ. பக்கமே போயிருக்காது. என்னுடன் படித்த ஒரு பெண் அப்படி ஒரு கல்லூரியை நம்பி வேறொரு ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார். பதிவு கிடைக்காது என்பது கடைசி பருவத்தில்தான் தெரிந்தது, அதுவும் கல்லூரி சொல்லி இல்லை.

மாமாவுக்கு வருவோம். கரஸ் யோசனை பத்து வருடத்துக்கு முன்னால் நல்ல யோசனைதான், நம் பக்கத்தில் பாதிப் பேர் சிதம்பரத்தில் கரஸ் போட்டுப் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் 2021இல் துணைமருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, உளவியலும் அதன் பட்டியலுக்குள் போயிற்று. அதைக் காட்டி யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. இனிமேல் யாராவது "ஆன்லைன்ல எம்.எஸ்சி. சைக்காலஜி, வீட்டிலிருந்தே" என்று போன் செய்தால் போனை வைத்துவிடுங்கள். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ரெகுலர் என்றால் எங்கே? உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீலக்குடியில், வெட்டாற்றங்கரையில். பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது, சேர்க்கை க்யூட் பி.ஜி. என்கிற தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. சிதம்பரம் அண்ணாமலையில் உளவியல் துறை உண்டு. கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் புதுச்சேரி, சேலம் பெரியார், கோவை பாரதியார், சென்னைப் பல்கலைக்கழகம். சென்னையில் இந்தத் துறை 1943இலிருந்து இருக்கிறது. வேதியியல் படித்தவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், சில இடத்தில் எந்தப் பட்டமும் போதும், சில இடத்தில் இளங்கலையில் உளவியல் கேட்பார்கள். தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள்.

சரி, உள்ளே போனால் என்ன சொல்லித்தருவார்கள்? எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். மனசைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வருவார்கள். முதல் பருவத்திலேயே புள்ளியியலைத் தூக்கி முன்னால் வைப்பார்கள். டி டெஸ்ட், அனோவா, காரணிப் பகுப்பாய்வு, ஆய்வு முறையியல். உங்களுக்கு வேதியியல் பின்னணி இருப்பதால் பாதி பயம் இல்லை, டைட்ரேஷன் செய்து மூன்று அளவு எடுத்துச் சராசரி போட்டவருக்கு அளவுப் பிழை என்றால் என்ன என்று புதிதாகச் சொல்ல வேண்டாம். 2015இல் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் துறையில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க முடிவு கிடைத்திருந்தது, திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் கிடைத்தது. இந்தத் துறைக்கு ஏன் புள்ளியியல் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

சோதனைக்கூடத்தில் முல்லர்-லயர் கோடுகள் என்று ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரே நீளக் கோடுகள் இரண்டு, ஒன்றின் முனையில் அம்பு உள்பக்கம், மற்றதில் வெளிப்பக்கம். ஒன்று நீளமாகத் தெரியும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துத்தான் நானும் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார், அவர்கள் இங்கிலாந்துக்காரர்களைவிடக் குறைவாகவே ஏமாந்திருக்கிறார்கள். பார்வையே ஊருக்கு ஊர் மாறலாம் என்கிற விவாதத்தில் நீலகிரி மலைக்கு ஒரு இடம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை, பாடப்புத்தகம் அமெரிக்காவில் அச்சானது.

பாடப்புத்தகம் அமெரிக்காவில் அச்சானது என்பதுதான் எனக்கு இந்தப் படிப்பில் பெரிய குறை. பெரிய வாய்ப்பும் அதுதான். என் ஆய்வேட்டுக்கு வலங்கைமான் பக்கம் விவசாயக் கூலிப் பெண்களிடம் ஒரு வினாத்தாள் எடுத்துப் போனேன். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்து, எல்லாம் முறைப்படி. "கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு எதிலும் ஆர்வமின்மை இருந்ததா? இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறத்தாழ தினமும்." ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், கேட்டுவிட்டு, "நடவு நேரத்துல ஒண்ணும் தெரியாது தம்பி, நட்டு முடிச்சு வீட்ல உக்காந்தாத்தான் வரும்" என்றார். நான் திரும்பவும் "இல்லவே இல்லையா, சில நாட்களா" என்று கேட்கிறேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவர்தான், "அளவு கேக்குறாப்ல போல, கால் மரக்காலா, அரை மரக்காலா, முழு மரக்காலான்னு" என்று எடுத்துக்கொடுத்தார். உடனே அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார்: "ஐப்பசியில முக்கால் இருந்துச்சு. இப்ப கால்தான்."

நான் குறித்துக்கொண்டு வந்தேன், வழிகாட்டியிடம் காட்டினேன். மரக்கால் அளவையெல்லாம் ஏற்க முடியாது, அளவுகோலின் நம்பகத்தன்மை போய்விடும் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஒரு சோதனையின் விடைக்கட்டங்களை இஷ்டத்துக்கு மாற்றினால் அது வேறு சோதனை, பழைய மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாது. ஆனால் புதிதாக ஒன்று செய்து, சரிபார்த்து, நிறுவலாமே? அன்றைக்கு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, மூன்று மாதத்தில் ஆய்வேட்டைக் கட்டவேண்டியிருந்தது. நீங்கள் போனால் செய்யுங்கள். நடவு, அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடக்கிற நாட்கள் என்று வருடமே வேறு மாதிரி ஓடுகிற ஊரில் 'கடந்த இரண்டு வாரம்' என்பது என்ன அர்த்தம் என்று கேட்பதே ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.

சொற்கள் இன்னொரு சிக்கல். பேப்பரில் டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்', ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்'. பாடத்தில் முதலாவது மனச்சோர்வு. நம்மிடம் வருகிறவர்கள் இரண்டையுமே சொல்ல மாட்டார்கள். "சோறு எறங்கல", "கை கால் ஓயுது", "நெஞ்சு படபடன்னு வருது", "ஒரே யோசனையா இருக்கு", "உள்ளுக்குள்ள புழுங்குது". இதைக் கேட்டு முதலில் இரத்தப் பரிசோதனை செய்வார்கள், பிறகு இசிஜி எடுப்பார்கள், கடைசியில்தான் நம்மிடம் வருவார்கள். இதில் தைராய்டு, இரத்தசோகை இல்லை என்று பார்த்துவிட்டு வருவது நல்லதுதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தேர்வு எழுதி, தமிழில் கேட்டு, அதிலும் கீழத்தஞ்சைத் தமிழில் கேட்டு, மறுபடி ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிற வேலை இது. நடுவில் எவ்வளவு சிந்துகிறது என்று கவனமாக இருப்பவர்தான் நல்ல ஆலோசகர் ஆகிறார்.

ஆலோசனைப் பயிற்சியில் ஒன்று செய்யச் சொல்வார்கள், அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு மாணவர்கள், ஒருவர் பிரச்சினையோடு வந்தவராக, மற்றவர் ஆலோசகராக, பத்து நிமிடம் பேசி ஒலிப்பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதவேண்டும். என் முதல் பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் நான்தான் பேசியிருந்தேன். "கவலைப்படாதீங்க" நான்கு தடவை. அவர் "அப்பா வந்து..." என்று இழுத்த இடத்தில் நான் குறுக்கே பாய்ந்து "அப்பா நல்லதுக்குத்தான் சொல்வாங்க" என்று முடித்துவைத்திருக்கிறேன். அந்த 'வந்து'க்குப் பிறகு என்ன வரவிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம் மூன்று பருவம் முழுக்க நான் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். இது வீடியோ பார்த்து வராது, எதிரே உட்கார்ந்து ஒரு ஆசிரியர் உங்கள் எழுத்துப்படியைச் சிவப்பு மையால் கீறவேண்டும். கரஸை நிறுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லாததற்கு இதுவே காரணம்.

போர்டு மாட்டுவது பற்றி இன்னொன்று, சட்டம் இல்லை, ஊர் விஷயம். டெல்டாவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வந்து உட்கார்ந்ததும் "நீங்க எந்தத் தெரு? இன்னார் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவர்தான் நம்மை விசாரிப்பார். கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் போய்ப் பார்ப்பார், தஞ்சாவூர்க்காரர் திருச்சி போவார், என்னிடம் வருகிற சிலர் மயிலாடுதுறையிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். அவ்வளவு தூரம் வருவது என் திறமைக்காக என்று முதலில் நினைத்தேன். கல்யாண வீட்டில் அவர்களைப் பார்த்தால் தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும், இது பாடத்திட்டத்தில் 'இரகசியம் காத்தல்' என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

கிளினிக் மட்டும்தான் வேலை என்று நினைக்கவும் வேண்டாம். நம் பக்கத்தில் நடந்த, எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று சொல்கிறேன். வீராணம் பாசனத்தில் இருக்கிற காட்டுமன்னார்கோயில் பகுதி ஊர்களில், சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வெளியானது. கிராமத்துத் தற்கொலைகளில் பல, திட்டமிட்டு நடப்பதில்லை. கோபத்தில், சண்டையில், ஒரு நொடியில் கைக்கெட்டுகிற தூரத்தில் பூச்சிமருந்து இருப்பதால் நடக்கிறது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆள் பிழைத்துவிடுகிறார். அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகள், மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்டுவது. செய்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. சின்ன ஆய்வுதான், நான்கே ஊர். ஆனால் சோபாவும் மெல்லிய விளக்கும் இல்லாமல் ஒரு பூட்டு சாவியை வைத்து உயிரைக் காப்பாற்றலாம் என்று யோசித்தார்களே, அந்த யோசனைக்கு மனித மனம் அவசரத்தில் எப்படி வேலை செய்கிறது என்கிற அறிவு வேண்டியிருக்கிறது. (உங்களுக்கோ தெரிந்தவருக்கோ அப்படி எண்ணம் வந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம்.)

கஜா புயல், 2018 நவம்பர் 16. அடுத்த வாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் தன்னார்வலராகப் போனேன். பேரிடரில் மனதுக்கான முதல் உதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு கையேடு போட்டிருக்கிறது, பார், கேள், இணை என்று மூன்றே சொல்லில் சொல்லலாம். நடந்ததைத் துருவித் துருவிச் சொல்ல வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியம். தென்னந்தோப்பில் ஒருவர் விழுந்த மரத்து மேலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, "நூத்திப் பன்னெண்டு" என்றார். மரங்களின் எண்ணிக்கை. நான் ஒன்றும் பேசவில்லை, அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன், பிறகு கணக்கெடுப்புக்கு எந்தக் காகிதம் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார், கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் பார்த்த உளவியல் வேலை அவ்வளவுதான்.

அரசு வேலை என்றால் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996இல் நாட்டில் நான்கு மாவட்டங்களுக்கு முதலில் கொடுத்தபோது தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது திருச்சி மாவட்டம்தான், நம் பக்கம். அந்தக் குழுவில் மனநல மருத்துவர், சமூகப்பணியாளரோடு உளவியலாளர் பணியிடம் உண்டு, ஆனால் அங்கே திரும்பவும் அந்த ஆர்.சி.ஐ. கதவுதான். அது இல்லாமல் பள்ளி, கல்லூரி ஆலோசகர், தொண்டு நிறுவனம், கம்பெனி மனிதவளம். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, பூசி மெழுகவில்லை. பேராசிரியர் ஆக வேண்டுமானால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதுங்கள், அதில் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயோடு வாடகைப்படியும் வரும், வீட்டில் பேச்சு குறையும்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? சண்டை போடாதீர்கள். குணசீலம் கோவிலில் மனது சரியில்லாதவர்களை 48 நாள் தங்கவைக்கிற வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும், அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் அப்படித் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் அளந்து பார்த்து, மருந்து இல்லாமலேயே அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கட்டி வைக்காமல், குடும்பத்தோடு, ஆதரவாக இருக்கிற இடத்தின் பலன் என்று அவர்கள் நினைத்தார்கள். மருந்தை நிறுத்தலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான், 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் படிக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். என் அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, எம்.எஸ்சி. முடித்தால் லெக்சரர் ஆகலாம் என்று சொல்லித்தான் சேர்ந்தேன்.

கடைசியாக ஒன்று, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். க்யூட் பி.ஜி. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், தேர்வு மார்ச். 75 கேள்வி, 90 நிமிடம், தப்புக்கு ஒரு மதிப்பெண் கழியும். நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் கையில் இருக்கிற நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயர் இல்லை என்கிற வாசகத்தோடு, வருமானக் கணக்கு வருடம் சரியாக இருக்கிற மாதிரி தனியாக வாங்க வேண்டும். இ-சேவையில் போட்டால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வரவேண்டும், பொங்கல் நேரத்தில் எந்த மேசையிலும் ஆள் இருக்காது. கார்த்திகையிலேயே போட்டுவிடுங்கள்.